தன்னை ஓநாய் என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது?

உங்கள் கேள்வி இது: "என் நண்பனுக்கு 22 வயது. மூன்று மாதமாகத் தான் ஒரு மனித ஓநாய் என்கிறான். ராத்திரியில் பல் நீள்கிறதாம், முதுகெலும்பு வளைகிறதாம், தூரத்து வாசனைகூடத் தெரிகிறதாம். சத்தியம் செய்கிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இப்படி ஒன்று உண்மையில் உண்டா? அவனை நம்பாமல் இருப்பது துரோகமா?"

மனித உடல் ஓநாய் உடலாக மாறாது. ஒரு ராத்திரிக்கும் மாறாது, பாதியளவுக்கும் மாறாது. ஆனால் மாறுவது போல ஒருவருக்குத் தோன்றுவது உண்டு. அது பெரும்பாலும் நடிப்பும் இல்லை, புதிதும் இல்லை. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது கடைசி வரிதான். நம்பாமல் இருப்பது துரோகம் இல்லை. இந்த விஷயத்தின் வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'நான் ஓநாய்' என்று சொன்னவர்களை நம்பியவர்கள்தான் அவர்களைக் கொன்றார்கள். நம்பாதவர்களால்தான் சிலர் பிழைத்தார்கள்.

சத்தியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சித்தியர்களின் நாட்டுக்கு அப்பால் வாழ்ந்த நியூரி என்ற மக்களைப் பற்றி எழுதுகிறார். அந்த மக்களில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை சில நாட்கள் ஓநாயாகிவிட்டுத் திரும்ப மனிதராவார்களாம். இதைத் தன்னால் நம்ப முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார். ஆனாலும் சொல்கிறவர்கள் சத்தியம் செய்து சொல்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். நீங்கள் இன்று நிற்கிற இடமும் அதே இடம்தான். ஒருவர் சத்தியம் செய்தால் அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் சொன்னது நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சரி, உடலுக்கு வருவோம். வளர்ந்த மனிதனுக்கு 32 பற்கள், ஓநாய்க்கு 42. கூடுதலாக வேண்டிய பத்துப் பற்களுக்குத் தாடை எலும்பே நீண்டாக வேண்டும். ஓநாய் விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி. அதன் பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கும் முழங்கால் போலத் தெரிவது உண்மையில் கணுக்கால். ஆக, மனிதன் ஓநாயாக வேண்டுமென்றால் பாதம், தொடை, இடுப்பு எல்லாமே வேறு அளவுக்குப் போக வேண்டும். முறிந்த எலும்பு ஒன்று கூடுவதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. நமக்கு 46 குரோமோசோம், ஓநாய்க்கு 78. கம்பளிப்பூச்சி பட்டாம்பூச்சி ஆகிறதே என்று சிலர் கேட்பார்கள். ஆகிறது, ஆனால் அது கூட்டுக்குள் நாட்கணக்கில் அடைந்து, தன் பழைய திசுக்களில் பெரும்பகுதியைக் கரைத்து, அதிலிருந்து புதிதாக உடல் கட்டுகிறது. முடிந்த பிறகு திரும்பவும் கம்பளிப்பூச்சி ஆவதில்லை. நம் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாய்வதைக்கூட மனதால் கற்பனை செய்துவிடலாம், உயிர் மட்டும்தான் இடம் மாறுகிறது. ஒரே கூடு ராத்திரியில் உருமாறி விடிவதற்குள் பழையபடி ஆவது அதைவிடக் கடினம்.

இனி நம்பிக்கை என்ன செய்தது என்று பார்ப்போம். 1589இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே பெட்பர்க் என்ற ஊரில் பீட்டர் ஸ்டம்ப் என்ற விவசாயி பிடிபட்டார். சித்திரவதைக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சாத்தான் தனக்கு ஒரு இடுப்புவார் கொடுத்ததாகவும், அதைக் கட்டினால் ஓநாயாகிவிடுவதாகவும் சொன்னார். வார் எங்கே என்று கேட்டதற்கு ஒரு பள்ளத்தாக்கில் எறிந்துவிட்டேன் என்றார். அதிகாரிகள் ஆள் அனுப்பித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒருவருக்குச் சந்தேகம் வந்திருந்தாலும், 'வாரே இல்லையென்றால் ஓநாய் எங்கிருந்து வந்தது' என்று கேட்டிருப்பார். ஆனால் சாத்தான் வாரைத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பான் என்று முடிவு கட்டினார்கள். காய்ச்சிய இடுக்கியால் சதையைப் பிய்த்து, கைகால்களை உடைத்து, தலையை வெட்டி எரித்தார்கள். அவருடைய மகளையும் துணைவியையும் சேர்த்தே எரித்தார்கள். அவர் உண்மையில் கொலைகாரராகவும் இருந்திருக்கலாம். ஆனால் இல்லாத வார், இல்லை என்பதாலேயே ஆதாரமாகிப்போன அந்த நொடியை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்பதே வருடம் கழித்து, 1598இல், பிரான்சில் ஆஞ்சே நகருக்குப் பக்கத்தில் ஜாக் ரூலே என்ற பிச்சைக்காரர் ஒரு சிறுவனின் சடலத்துக்கு அருகே ரத்தக் கையோடு பிடிபட்டார். அவரும் தான் ஓநாயாக மாறியதாக ஒப்புக்கொண்டார். கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் பாரிஸ் பார்லமெண்ட், அங்கே அது உயர் நீதிமன்றம், அவரிடம் சூனியத்தைவிடப் புத்தி பேதலிப்புதான் அதிகம் என்று சொல்லி, மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த விடுதிக்கு இரண்டு வருடம் அனுப்பியது. 1603இல் போர்தோவில் ஜான் கிரெனியே என்ற பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனுக்கும் இதேபோல நடந்தது. காட்டுக்குள் ஒரு 'வனத்தின் பிரபு' தனக்கு ஓநாய்த் தோலும் களிம்பும் கொடுத்தார் என்றான் அவன். கீழே மரண தண்டனை. மேலே போனபோது, இந்தப் பையனின் அறிவு வயதுக்கேற்ப வளரவில்லை, உருமாற்றம் என்பது மூளைக் கோளாறில் வருவது என்று சொல்லி மடத்தில் வைக்கச் சொன்னார்கள். ஏழு வருடம் கழித்து, 1610இல், பியேர் தெ லாங்க்ர் என்ற நீதிபதி அவனைப் போய்ப் பார்த்தார். அப்போதும் அவன் நாலுகாலில் லாவகமாக ஓடுகிறவனாக, ஓநாய்களைப் பார்க்க ஆசைப்படுகிறவனாக இருந்தான். அவனுடைய நம்பிக்கை போகவில்லை. உயிரும் போகவில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் மூடர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாம் நூற்றாண்டிலேயே, ஒரு உயிரைக் கடவுளைத் தவிர வேறு யாராவது இன்னொரு உருவுக்கு மாற்ற முடியும் என்று நம்புவதே பிழை என்று திருச்சபை விதி ஒன்று சொன்னது. 1563இல் யோஹான் வேயர் என்ற மருத்துவர், இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் மனநோயாளிகள், இவர்களை எரிக்காதீர்கள் என்று புத்தகமே எழுதினார். சூனியக்காரிகள் உண்டு என்று உறுதியாக நம்பிய ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ்கூட, 1597இல் வெளியிட்ட நூலில் ஓநாய் மனிதர்களை மட்டும் மனச்சோர்வு நோயின் விளைவு என்று ஒதுக்கிவிட்டார்.

ஆனால் 'நான் ஓநாய்' என்பவர் எல்லோரும் நோயாளி என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். இன்றைய லாட்வியாவில், அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்த யூர்கன்ஸ்பர்க்கில், 1691இல் தீஸ் என்ற எண்பது வயது தாண்டிய கிழவர் நீதிமன்றத்துக்கு வந்தார். குற்றவாளியாக இல்லை, ஒரு தேவாலயத் திருட்டு வழக்கில் சாட்சியாக. பேச்சுவாக்கில் அவர் ஓநாய் மனிதர் என்பது ஊருக்கே தெரியும் என்று யாரோ சொல்ல, நீதிபதிகள் கேட்டார்கள். ஆமாம், முன்பு இருந்தேன் என்றார். இதை முன்பே இன்னொரு நீதிமன்றத்தில் சொன்னேன், சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். இவருக்குப் புத்தி சரியில்லையா என்று நீதிபதிகள் அங்கிருந்தவர்களிடம் விசாரித்தார்கள். எப்போதும் தெளிவான மனிதர் என்றுதான் பதில் வந்தது.

தீஸ் சொன்ன கதையில் சாத்தானுக்கு அவர் அடிமை இல்லை, எதிரி. வருடத்தில் சில குறிப்பிட்ட ராத்திரிகளில் ஓநாய்களாகி நரகத்துக்குப் போய், சூனியக்காரர்கள் திருடி வைத்த தானியத்தைச் சண்டை போட்டு மீட்டு வருவோம், நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள் என்றார். தன் மூக்கு உடைந்ததே அங்கே ஒருவன் துடைப்பக் கட்டையால் அடித்ததால்தான் என்றார். பாதிரியார் வந்து மன்றாடியும் மசியவில்லை. எனக்கு உம்மைவிட அதிகம் தெரியும், நீர் இளையவர் என்று சொல்லிவிட்டார். கடைசியில் கசையடியும் ஊர்விலக்கும் கிடைத்தன. அவரை நான் நோயாளி என்று சொல்ல மாட்டேன். அவருடைய ஊரும் காலமும் அவருக்கு அப்படி ஒரு மொழியைக் கொடுத்திருந்தன, விளைச்சல் தப்புமா என்ற கவலையை அந்த மொழியில் பேசினார். நாகா மலைகளில் சிலர் தங்கள் ஆன்மா சிறுத்தையிலோ புலியிலோ போய் உலவுவதாகச் சொன்னதை 1920இல் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். உடல் வீட்டில் தூங்கும், ஆன்மா காட்டில் திரியும். எத்தியோப்பியாவில் கழுதைப்புலி, ஜப்பானில் நரி, தென் அமெரிக்காவில் ஜாகுவார். அந்தந்த ஊரின் பிராணிதான் வருகிறது. உண்மையிலேயே உடலில் நடக்கும் ஒரு மாற்றம் இப்படி ஊரைப் பார்த்து வேஷம் மாற்றாது.

இன்றைக்கும் தெளிவான மனதோடு தன்னை உள்ளுக்குள் ஓநாய் என்று உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். தீரியன் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். உடல் மனித உடல்தான் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. வேலைக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள். அதை ஒரு அடையாளமாகவோ ஆன்மிகமாகவோ வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் சண்டை போட எனக்கு ஒரு காரணமும் இல்லை. உங்கள் நண்பர் 'பல் நீள்கிறது, எலும்பு வளைகிறது' என்கிறார். அது வேறு.

மருத்துவம் இதை வெகு காலமாக அறியும். ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா பால் என்ற கிரேக்க மருத்துவர், ராத்திரியில் ஓநாய் போலக் கல்லறைகளில் திரிகிறவர்களை விவரிக்கிறார். வெளுத்த முகம், ஈரமே இல்லாத கண், வறண்ட நாக்கு, இருட்டில் தடுக்கி விழுந்து விழுந்து ஆறாத புண்ணோடு இருக்கும் முழங்கால் கீழ்ப்பகுதி. இதை மனச்சோர்வு நோயின் ஒரு வகை என்றார். அவர் சொன்ன சிகிச்சையில் ரத்தம் எடுப்பது போன்றவை இன்று ஒப்ப முடியாதவை. ஆனால் அதோடு நல்ல உணவு, குளியல், தூக்கம் வரவழைப்பதும் இருந்தன. சாத்தான் பேச்சே இல்லை.

1852இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் பெனடிக்ட் மோரெல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் இரண்டு விரலால் தன் உதட்டை விலக்கி, பாருங்கள் என் ஓநாய்ப் பற்களை என்று காட்டுவார். உடம்பெல்லாம் நீள முடி என்பார், பாதம் பிளந்த குளம்பு என்பார். பார்க்கிறவருக்கு மனிதப் பல், மனித உடம்பு, மனிதப் பாதம். பச்சை மாமிசம் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தபோது, இது போதுமான அளவு அழுகவில்லை என்று ஒதுக்கிவிட்டார். அந்தக் கையசைவைப் பாருங்கள்: அவர் மறைக்கவில்லை, காட்டுகிறார். ஆதாரத்தை அவரே நம் முன்னால் நீட்டுகிறார். கண்ணாடியை அவர் முன் வைத்து 'இப்போது பார்' என்று சொல்லி ஜெயிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். மருத்துவர்கள் இதைப் பிறழ்நம்பிக்கை என்பார்கள். வாதத்தால் வந்ததல்ல, வாதத்தால் போவதும் இல்லை.

1988இல் அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வந்த நோயாளிகளில் 12 பேர் தங்களை விலங்காக உணர்ந்தவர்கள். ஓநாய் மட்டுமல்ல, பூனை, நாய், ஜெர்பில் என்ற சிறு எலி வகைகூட இருந்தது. பெரும்பாலோருக்கு அடியில் இருந்தது இருதுருவ மனநோய், அதாவது அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய். 2014இல் யான் டிர்க் ப்ளோம் என்ற டச்சு மருத்துவர் 1850 முதல் வந்த மருத்துவப் பதிவுகளைத் தேடியபோது, விலங்காக மாறியதாக நம்பியவர்கள் 56 பேர் கிடைத்தார்கள். அதில் முறையாக ஓநாய் வகையில் அடங்கியவர்கள் 13 பேர் மட்டுமே. எழுதப்படாதவை இன்னும் இருக்கும். ஆனாலும் அரிதுதான். அடியில் மனச்சிதைவு நோய், இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு, போதைப்பொருள், சில சமயம் வலிப்பு என்று வேறு ஏதாவது இருக்கும். அதைக் கவனித்தால் ஓநாயும் பலருக்கு அடங்கிவிடுகிறது.

இதை வெளியிலிருந்து புரிந்துகொள்வது கஷ்டம் என்று நினைக்கலாம். எனக்குப் பத்து வயதில் கடும் காய்ச்சல். ராத்திரி விழித்தபோது என் வலது கை தலையணையைவிடப் பெரிதாக, கட்டைபோல, என்னுடையதே இல்லாததாக இருந்தது. இடது கையால் தொட்டுப் பார்த்தேன். வழக்கமான அளவுதான். தொடுகிற விரலுக்குத் தெரிந்தது, ஆனாலும் அந்தக் கை பெரிதாகவே இருந்தது. 'பெரிதில்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த உணர்வு போயிருக்காது. கை வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் அரிப்பு எடுப்பதும் இந்த வகைதான். 1998இல் செய்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. உங்கள் கையை மறைத்துவிட்டு, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் தூரிகையால் தடவுவார்கள். சற்று நேரத்தில் ரப்பர் கை உங்கள் கை என்று தோன்ற ஆரம்பிக்கும். ஆரோக்கியமான ஆட்களுக்கே இப்படி. 'என் உடம்பு இது' என்பது மூளை நொடிக்கு நொடி வரைந்துகொண்டே இருக்கிற படம். அந்தப் படம் கலைந்தால், பல் நீள்வதை ஒருவர் உண்மையாகவே உணர்வார். உணர்ந்ததற்குக் காரணம் தேடும் மனது, தெரிந்த கதைகளிலிருந்து ஓநாயை எடுத்துக்கொள்ளும்.

சிலர் வேறு விளக்கங்கள் சொல்வார்கள். 1964இல் லீ இல்லிஸ் என்ற மருத்துவர் போர்ஃபிரியா என்ற ரத்த நோயைக் காட்டினார்: வெளிச்சம் பட்டால் தோல் புண்ணாகும், பல் சிவக்கும். எனக்கு இது ஒட்டவில்லை. அவ்வளவு அரிய நோய் இவ்வளவு ஊர்க் கதைகளுக்குக் காரணமாக முடியாது. உடல் முழுக்க முடி வளரும் நோயும் அப்படியே. 1547இல் பிரான்ஸ் அரசவைக்குக் கொண்டுவரப்பட்ட பெட்ரஸ் கொன்சால்வஸ் முகமெல்லாம் முடியோடு இருந்தார். லத்தீன் படித்து, கல்யாணம் செய்து குடும்பம் நடத்தினார். அவர் எந்த ஊர்க்காரரையும் கடிக்கவில்லை. வெறிநாய்க்கடி வேண்டுமானால் கதைகளுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருக்கும். பௌர்ணமியை இவ்வளவு கெட்டியாக இதனுடன் முடிச்சுப்போட்டது இருபதாம் நூற்றாண்டு சினிமா. நிலாவுக்கும் மனக்கோளாறுக்கும் தொடர்பு உண்டா என்று 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1985இல் வந்த கட்டுரை, பொருட்படுத்தும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் முடித்தது.

இப்போது உங்கள் நண்பர். சிரிக்காதீர்கள், மற்றவர்களையும் சிரிக்க விடாதீர்கள். கேலிக்குப் பயந்து அவர் சொல்வதை நிறுத்திவிட்டால், நம்பிக்கை உள்ளேயே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அதேபோல, மனம் நோகக்கூடாது என்று ஆமாம் போடவும் வேண்டாம். 'நைட்டு கேமரா வைத்துப் பார்ப்போமா' என்ற யோசனை வரும். வேண்டாம். ஒன்றும் பதிவாகவில்லை என்றால், கேமரா இருந்ததால் ஓநாய் வரவில்லை என்பார். காணாமல் போன இடுப்புவாரைச் சாத்தான் எடுத்துக்கொண்டான் என்றது போலத்தான்.

என்ன சொல்லலாம்? "நீ சொல்றது உனக்கு நிஜமா நடக்குற மாதிரி இருக்குன்னு எனக்குப் புரியுது. எனக்கு உன் கை, பல் எல்லாம் எப்பவும் போலத்தான் தெரியுது. ஆனா நீ பயந்துபோயிருக்க. அதை நான் பார்க்கிறேன்." இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ஒரு வார்த்தையும் குத்தாது. நான் நம்பாதவன் என்பதை அவர் தெரிந்துகொள்கிறார், கூட நிற்கிறவன் என்பதையும் தெரிந்துகொள்கிறார்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். நாட்கணக்கில் தூங்காமல் இருக்கிறாரா, சாப்பாட்டைத் தவிர்க்கிறாரா, கஞ்சாவோ வேறு போதையோ எடுக்கிறாரா, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாரா, திடீரென்று சில நிமிடம் பார்வை நிலைகுத்தி நிற்கிறதா. தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது பற்றிப் பேசினால் அன்றைக்கே மருத்துவமனை, நாளை என்று தள்ள வேண்டாம். அந்த அளவுக்கு இல்லையென்றால் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் மூளை அலைப் பதிவும் எடுக்கச் சொல்வார்கள். ஓநாயைப் பற்றிப் பேச என்று அழைத்தால் வர மாட்டார். தூக்கம் இல்லை, உடம்பு என்னவோ செய்கிறது என்பதற்காக என்று அழைத்தால் வருவார், அதுவும் உண்மைதானே.

நீங்கள் அடுத்த முறை உட்கார்ந்து பேசும்போது பல்லைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். "கடைசியா எப்ப நல்லா தூங்கின?" என்று கேளுங்கள். பதிலை, தேதியோடு, எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல் நீள்வதாகச் சொன்ன ராத்திரிகளையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான். அவர் சம்மதித்தால் அறைக்குள்ளேயும் கூடப் போங்கள்.